கரையுள்ள நீரும் கரையில்லா நீரும்: பொம்மையார்பாளையம் – மரக்கானம் கடற்பகுதியில் நீர்நிலை உலாவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஏரி, சதுப்புநிலம் முதலிய நீர்நிலைகளுக்கு நடந்தும் மிதிவண்டியிலும் குடும்பத்தோடும் சென்றுவரும் வழக்கம் அண்மைக்காலச் சுற்றுலாவின் விளைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்கானம் வரையுள்ள கடற்பகுதியையும் அதனை ஒட்டிய ஏரிப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, இலக்கியம், விழா வழக்கு, நிருவாக வரலாறு, சட்டம் ஆகிய நால்வகைச் சான்றுகளின் வழி இக்கட்டுரை அவ்வெண்ணத்தை ஆராய்கிறது. நீர்நிலை உலா தொன்மையானது என்பதும், அது உழைப்போடும் காவலோடும் பிணைந்தே வளர்ந்தது என்பதும் கட்டுரையின் முடிபுகள். கரை கட்டிய ஏரிகளுக்குக் காவல் செய்யும் ஊர்ச் சமூகம் இருந்தது. கரையில்லாத கழுவெளிக்கு அத்தகைய அமைப்பு இல்லை. இவ்வேறுபாடே இன்றைய வருகையாளர் சிக்கலுக்கு வேராக அமைகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கழுவெளி, ஏரிக்கரை, உலா, ஓய்மாநாடு, வேடந்தாங்கல், உப்பளம், பறவைகள் காப்பிடம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கடலோர ஊர் பொம்மையார்பாளையம். ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டுநிலம் உயர்கிறது. அம்மேட்டில்தான் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் நிறுவப்பட்டது. வடக்கே கழுவெளி விரிந்து, உப்புக்கழியின் வழியாக எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. அதனையடுத்து மரக்கானத்து உப்பளங்கள் உள்ளன. தென்மேற்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் பங்கிட்டுக்கொண்டுள்ள ஊசுடு ஏரி உள்ளது. நன்னீர் ஏரி, உவர்நீர்ச் சதுப்பு, உப்பளம், கடற்கரை ஆகிய நான்கும் ஒரு நாளில் மிதிவண்டியில் சென்று கண்டுவரும் தொலைவுக்குள் அமைந்திருப்பது இப்பகுதியின் தனித்தன்மை.

பழவேற்காட்டுக்கு அடுத்துத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எனக் குறிப்பிடப்படும் கழுவெளி, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 5,151.6 எக்டேர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது இராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இதன்பின் பறவை நோக்குவோரும் குடும்பத்தோடு வருவோரும் மிகுந்துவருகின்றனர். இவ்வருகையை வரவேற்போரும் அஞ்சுவோரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: இவ்வருகை புதியது என்பதே அது. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. இலக்கியத்தில் நீர்நிலை உலா

இன்று நாம் வழங்கும் 'சுற்றுலா' என்னும் சொல்லில் 'உலா' அடங்கியுள்ளது. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கும் அதுவே பெயர். பயணத்தைக் குறிக்கப் பழந்தமிழ் 'செலவு' என்றும் வழங்கிற்று. நீரிடத்துச் சென்று மகிழ்தலை இலக்கண மரபு தனியே எண்ணியுள்ளது. பெருங்காப்பியத்திற்குரிய உறுப்புகளாகத் தண்டியலங்காரம் கூறுவனவற்றுள் பொழில் நுகர்தலும் புனல் விளையாடலும் அடங்கும். காப்பியத்தில் இடம்பெற வேண்டிய வாழ்க்கைக் கூறாகவே இவை கருதப்பட்டன என்பது இதனால் தெளிவாகும்.

நெய்தல் நிலப் பாடல்களில் மகளிர் கானலில் நண்டுகளை ஓட்டி விளையாடுகின்றனர். மணலில் சிற்றில் இழைக்கின்றனர். நீர்நிலையில் வளரும் பஞ்சாய்க் கோரையால் பாவை செய்கின்றனர். அதே மகளிர் உலரும் மீனைப் பறவைகள் கவராமல் காக்கவும் செய்கின்றனர். விளையாட்டும் வேலையும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நிகழ்கின்றன. பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாது சுறாக்கொம்பு நட்டு வழிபட்டு, தாழை சூடி, உண்டு மகிழ்கின்றனர். கடலாடியபின் உப்பு நீங்கப் புதுநீரிலும் ஆடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின் முடிவில் கோவலன் அத்திரியிலும் மாதவி வையத்திலும் ஏறிக் கடல் விளையாட்டுக் காணச் செல்கின்றனர். புதுப்புனல் வரவைக் காண மதுரை மக்கள் திரண்டு வையைக்குச் செல்வதைப் பரிபாடல் விரித்துரைக்கிறது.

நம் ஆய்வுக்களத்துக்கு நேரடியாக உரிய நூல் சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூலின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசில் பெற்று வரும் பாணன் எதிர்ப்படும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் வழியாகக் கிடங்கில் செல்லும் நெறியைக் கூறுகிறான். எயிற்பட்டினம் மரக்கானம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் பலர் கொள்வர். எரித்ரேயக் கடற்செலவு நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறையை எயிற்பட்டினத்தோடு பொருத்திக் காண்போரும் உண்டு.

ஆற்றுப்படை ஒருவகையில் வழிகாட்டி நூல்தான். எனினும் அதன் நோக்கு இன்றைய வழிகாட்டி நூலின் நோக்கிலிருந்து வேறுபடுகிறது. எயிற்பட்டினத்தில் அலை கொணர்ந்த அகில் விறகின் தீயில் நுளைமகள் அரித்த கள்ளையும் சுட்ட மீனையும் பாணர் பெறுவர். முல்லை நிலத்து வேலூரில் எயிற்றியரின் புளியிட்ட சோறும், மருதத்து ஆமூரில் உழவர் மகளிர் தரும் நண்டுக் கலவையும் சோறும் அவர்களுக்குக் கிடைக்கும். இங்ஙனம் நிலத்தின் காட்சி ஒவ்வோரிடத்தும் அந்நிலத்து உழைப்பாளரின் விருந்தோம்பல் வாயிலாகவே அறிமுகமாகிறது. வருவோன் காண்பது நிலத்தை மட்டுமன்று. நிலத்தில் வாழ்வோரையும் காண்கிறான். அவர்களின் இசைவோடுதான் அவன் வழி நீள்கிறது. ஓய்மாநாட்டு ஈரநிலங்களில் நடந்து செல்வது பற்றிய மிகப் பழைய இச்சான்று உலாவின் முதல் நெறியை நமக்குத் தருகிறது.

2. விழா வழக்கில் குடும்பச் செலவு

குடும்பமாக நீரிடம் செல்லும் வழக்கத்தைத் தொடர்ந்து காத்தவை விழாக்கள். ஆடிப் பதினெட்டில் கட்டுச்சோற்றுடன் ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் செல்வது தமிழகத்தின் பல பகுதிகளுக்குப் பொது. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்திற்கே சிறப்பாக உரியது தை ஐந்தாம் நாள் நடைபெறும் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டார ஊர்த் தெய்வங்கள் தென்பெண்ணை, சங்கராபரணி ஆற்றங்கரைகளுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றன. குடும்பங்கள் உணவோடு ஆற்றுமணலில் நாள் முழுவதும் தங்குகின்றன. அவ்விழாவில் விற்கும் சுருளிக்கிழங்கை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு.

பொம்மையார்பாளையத்திற்கும் இவ்வழக்கில் பங்குண்டு. பொம்மபுரம் என்ற பெயரோடு இவ்வூர் வீரசைவ மரபில் இடம்பெற்றுள்ளது. பதினேழாம் நூற்றாண்டுப் புலவரான சிவப்பிரகாசர் தம் குருவாகப் போற்றிய சிவஞான பாலைய சுவாமிகளின் மடம் இவ்வூரோடு தொடர்புடையது. அம்மரபில் வரும் பொம்மபுர ஆதீனத்தின் மேற்பார்வையில் உள்ளது மயிலம் முருகன் கோயில். மாசி மகத்தன்று மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது பெருவிழாவாகும். உள்நாட்டு மலைக்கோயிலின் தெய்வமும் மக்களும் ஆண்டுக்கொருமுறை கடலை நோக்கி வருகின்றனர். கடலோர மக்கள் அவர்களை எதிர்கொள்கின்றனர்.

விழாச் செலவுக்குரிய இரு பண்புகள் கருதத்தக்கவை. ஒன்று, அதற்கு நாள் வரையறை உண்டு. கூட்டம் எத்துணைப் பெரிதாயினும் ஆண்டின் எஞ்சிய நாள்களில் நீரிடம் தன் இயல்பில் இருந்தது. மற்றொன்று, யார் எங்கு நிற்பது, எவ்வழியே செல்வது என்பன ஊர் வழக்கால் முறைப்படுத்தப்பட்டிருந்தன. இவ்விரண்டும் இன்றைய வார இறுதிச் செலவில் இல்லை.

3. கரையுள்ள நீர்: காவலும் நடையும்

தொண்டை மண்டலத்து ஏரி இயற்கைப் பள்ளமன்று. ஓடிவரும் மழைநீரை வளைந்த மண்கரையால் மறித்து, மதகு, கலங்கல் ஆகியவற்றால் முறைப்படுத்திய அமைப்பு அது. கரை உடைந்தால் ஏரி இல்லை. ஆதலால் கரையைப் பேணுதல் ஊராட்சியின் முதற்கடமையாயிற்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தையும் அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் குறிக்கின்றன. ஏரியைப் பேண விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் வழங்கிய கூட்டுழைப்பை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் சட்டக் கடமையாக்கியது. வழக்காக இருந்தது சட்டமானபோது அதன் உயிர்ப்புக் குன்றியது என்பது பாசன வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து.

இன்று நடைப்பயிற்சிக்குரிய இடமாகக் கருதப்படும் ஏரிக்கரையில் முதலில் நடந்தவன் காவல்காரன். மழைக்கால இரவுகளில் கரையில் கசிவு உண்டா, எலிவளையும் நண்டுவளையும் உண்டா எனப் பார்த்துச் செல்வது அவன் பணி. மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலின் பெயர்க்காரணக் கதை இக்காவல் நடையைத் தெய்வத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் பெருமழை இரவில் ஏரியைப் பார்க்கச் சென்றபோது, கரையில் வில்லேந்திய இருவர் காவல் புரியக் கண்டார் என்பது அக்கதை. அதன் உண்மைத்தன்மை நம் ஆய்வுக்கு உரியதன்று. பெருமழையில் கரைமேல் நடந்து காவல் செய்வதையே ஒரு சமூகம் இறைவனுக்குரிய அருட்செயலாகக் கண்டது என்பதே நாம் கொள்ள வேண்டுவது.

அதே லயனல் பிளேசின் பெயரோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சி வேடந்தாங்கல் பறவைகளின் காப்பு. 'தாங்கல்' என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள அவ்வேரியின் கடம்ப மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தனர். வேட்டைக்கு வந்த வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் ஆட்சியரிடம் முறையிட்டுக் காப்புரிமை பெற்றனர். 1798ஆம் ஆண்டினதாகப் பொதுவாகக் குறிக்கப்படும் அவ்வுரிமை 1858இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. 1936இல் காப்பிடமாக ஏற்கப்பட்ட வேடந்தாங்கல், 1962இல் வனச் சட்டத்தின்கீழ்ச் சட்டத்தகுதி பெற்றது.

பறவைகளைக் காத்த பெருமையாகவே இந்நிகழ்ச்சி பெரிதும் பேசப்படுகிறது. நீர்நிலைக்கு யார் வரலாம், வந்து என்ன செய்யலாம் என்பதை வரையறுக்கும் உரிமை ஏரியால் வாழும் ஊருக்கு உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியாகவும் அதனைக் காணவேண்டும். அங்கு விலக்கப்பட்டது வருகை அன்று. துப்பாக்கியோடு வரும் வருகை. இன்றும் குளிர்காலத்தில் பெருந்திரளான குடும்பங்கள் வேடந்தாங்கல் கரையில் நடந்து பறவை காண்கின்றன. அவ்வுலாவை இயலச்செய்தது ஊராரின் முறையீடே.

4. கரையில்லா நீர்: கழுவெளியின் நிலை

கழுவெளி ஏரிகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. அதற்குக் கட்டிய கரை இல்லை, மதகு இல்லை, ஆயக்கட்டு இல்லை. மேற்கிலுள்ள ஏரிகளின் உபரிநீர் மழைக்காலத்தில் வந்து பரவுகிறது. கடல்நீர் கழிமுகம் வழியே ஏறுகிறது. கோடையில் பெரும்பகுதி வறண்டு விடுகிறது. ஒரே நிலம் சில திங்கள் ஏரியாகவும் சில திங்கள் மேய்ச்சல்வெளியாகவும் காட்சி தருகிறது.

பெயரும் கருதத்தக்கது. 'கழுவெளி', 'கழுவேலி' என்பன ஓர் இடத்திற்கு மட்டும் உரிய பெயர்கள் அல்ல. நீர் தேங்கிப் பரவும் தாழ்நிலத்தின் பொதுப்பெயராக இவை வழங்கின. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் கழுவேலி என்றே அழைக்கப்பட்டது. மக்கள் வழக்கில் பெயர் பெற்றிருந்த இந்நிலவகைக்கு வருவாய் ஏடுகளில் தனிமதிப்பு இல்லை. வரி தராத நிலம் புறம்போக்கு ஆயிற்று. பள்ளிக்கரணையின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறியதற்கு இவ்வகைப்பாடு வழிவகுத்தது.

கழுவெளியை நம்பி வாழ்ந்தோர் பலர். கால்நடை மேய்ப்போர், புல்லும் கோரையும் அறுப்போர், கையால் இறால் தடவும் இருளர், மீன்பிடிப்போர், விளிம்பில் உப்பு விளைவிப்போர் எனப் பலதிறத்தார் வெவ்வேறு பருவங்களில் அதனைப் பயன்படுத்தினர். ஆனால் ஏரிக்கு ஆயக்கட்டுக்காரர் இருந்ததுபோல் கழுவெளிக்கு ஒரே குரலில் பேசவல்ல சமூகம் அமையவில்லை. வேடந்தாங்கலில் ஆட்சியரிடம் சென்றவர்கள் பாசன நிலமுடையோர். கழுவெளியைப் பயன்படுத்தியவர்களுள் மிகப் பலர் நிலமற்றோர். அவர்களின் உரிமைக்கு ஏடு இல்லை.

உப்பின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1815ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர் தம் பகுதியின் உப்பு வாணிகத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பெற்றனர். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் உரிமமின்றி உப்பு எடுப்பதைக் குற்றமாக்கிற்று. கழியோரத்தில் தானே விளைந்த உப்பை அள்ளுவதும் தண்டனைக்கு உரியதாயிற்று. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் சென்றோர் நடந்ததும் இத்தகைய உவர்வெளியை நோக்கித்தான். ஈரநிலத்திற்கு நடந்து செல்வதே அரசியல் செயலாக அமைந்த தருணம் அது.

பறவைகளின் நிலையும் வேடந்தாங்கலில் இருந்ததைப் போன்றதன்று. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் தம் குயில் பாட்டின் களமாக நகருக்கு மேற்கேயுள்ள மாஞ்சோலையை அமைத்தார். பல ஊர் வேடர்களும் வந்து பறவை சுடும் சோலை அது எனவும், வேடர் வராத ஒரு திருநாளிலேயே கதை நிகழ்ந்தது எனவும் அவர் கூறுகிறார். கற்பனைக் காவியமாயினும் அக்காலப் புதுவைச் சுற்றுப்புறத்தில் பறவை வேட்டை அன்றாட வழக்கம் என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது. வேடர் ஓய்வுகொள்ளும் நாளில்தான் கவிஞனுக்கு உலாவும் உரிமை கிட்டுகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை சட்டப்படி விலக்கப்பட்டது. 1980களில் கழுவெளி ஆய்வாளர் கவனத்திற்கு வந்தது. 1989இல் வெளிவந்த ஆசிய ஈரநிலங்களின் பட்டியலில் கழுவெளியும் எடையன்திட்டு முகத்துவாரமும் இடம்பெற்றன. அடுத்த பத்தாண்டுகளில் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகின. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், காந்தியவாதி ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் மரபுசாராத இறால் பண்ணைகளைத் தடைசெய்தது. ஏரிக்குக் கரை செய்த காவலைக் கழுவெளிக்கு நீதிமன்றமும் அரசாணையும் காலந்தாழ்த்தே செய்தன.

5. படகு, சாலை, மிதிவண்டி

விழாவோடு தொடர்பில்லாத பொழுதுபோக்குச் செலவு இக்கடற்பகுதியில் எப்போது உருப்பெற்றது என்பதற்குப் பக்கிங்காம் கால்வாய் ஒரு சான்று. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இக்கால்வாய் வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் பசித்த மக்களின் உழைப்பால் விரிவடைந்தது. அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. அதன் தென்முனை மரக்கானம். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளே அதில் மிகுதி. 1934இல் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு நிலவொளியில் அக்கால்வாய்ப் படகில் சென்றார். அப்பயணத்தின் பயனாகப் பிறந்தது 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டு. பஞ்சத்தின் உழைப்பால் விளைந்த நீர்வழி, அரை நூற்றாண்டுக்குப் பின் நண்பர் குழுவின் இன்பச் செலவுக்கு வழியாயிற்று. படகை இழுப்போரின் உழைப்பைக் கவிஞர் காணத் தவறவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. 1960களின் புயல்களுக்குப் பின் கால்வாயில் போக்குவரத்து அற்றுப்போயிற்று.

சாலை வந்தபின் மிதிவண்டி அவ்விடத்தை நிரப்பியது. இப்பகுதியில் மிதிவண்டி முதலில் உழைப்பின் ஊர்தியாகவே விளங்கிற்று. மீன்கூடை, பால்குடம், விறகுக்கட்டு ஆகியவற்றைச் சுமந்து ஏரிக்கரைகளிலும் செம்மண் தடங்களிலும் அது சென்றது. அத்தடங்களே இன்று பொழுதுபோக்காக மிதிவண்டி ஓட்டுவோரின் வழிகளாகியுள்ளன. ஆரோவில் மேட்டுநிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்க வரப்புகள் இட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன; அக்காடுகளினூடே இன்று மிதிவண்டித் தடங்கள் செல்கின்றன. இங்கும் மழைநீரைக் காக்கும் பணியே முந்தியது. உலா அதன் பின்னது.

இதற்கிடையே பொம்மையார்பாளையம் தன் பழைய உலாக்களத்தை இழந்துவருகிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்குத் தடைப்பட்டது. அதனால் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய வடபகுதி ஊர்களில் கடல் கரையை அரித்தது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடமில்லாது மீனவர் துன்புறுகின்றனர். குழந்தைகள் ஓடியாடிய மணற்பரப்பில் பல இடங்களில் கருங்கல் குவியலே எஞ்சியுள்ளது. உழைப்போரின் இடம் அழியும்போது உலாவுவோரின் இடமும் உடன் அழிகிறது என்பதற்கு இவ்வூரே சான்று.

6. சட்டத்தின் பார்வையில் வருகையாளர்

காப்பிடமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் நுழைவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகள் முறைப்படுத்துகின்றன. நுழைவு அனுமதி தரத்தக்க நோக்கங்களாக 28ஆம் பிரிவு எண்ணுவனவற்றுள் ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல் ஆகியவற்றோடு சுற்றுலாவும் வெளிப்படையாக இடம்பெறுகிறது. மாறாக, மேய்ச்சல், மீன்பிடி போன்ற பயன்பாட்டு உரிமைகளை மாவட்ட ஆட்சியரின் விசாரணையில் உரியவரே கோரி நிறுவவேண்டும். எழுத்துச் சான்று இல்லாதோர்க்கு இது எளிதன்று. தலைமுறைகளாக நிலத்தைப் பயன்படுத்தியவர் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டியிருக்க, நேற்று வந்தவர் அனுமதிச் சீட்டுப் பெற்று நுழையலாம். சட்டத்தின் நோக்கம் இதுவன்று எனினும் கரையில்லா நீரில் அதன் விளைவு இவ்வாறு அமைய இடமுண்டு.

1971இல் உருவான இராம்சர் உடன்படிக்கை இதற்கு மாற்றான நோக்கைத் தருகிறது. இந்தியா 1982இல் அதில் இணைந்தது. ஈரநிலம் என்பதற்கு அது தரும் வரையறை நன்னீர், உவர்நீர், இயற்கை, செயற்கை ஆகிய அனைத்தையும் தழுவுவது. உப்பளமும் அதன் வகைப்பாட்டில் உண்டு. மக்களை விலக்குவதை அது வலியுறுத்தவில்லை. அறிவார்ந்த பயன்பாட்டையே அடிப்படையாகக் கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் இந்திய ஈரநில விதிகள், கடந்த பத்தாண்டுகளின் சராசரி வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர்த்த நிலையான கட்டுமானங்களைத் தடைசெய்கின்றன. கழுவெளி போன்று ஆண்டுதோறும் எல்லை மாறும் நீர்ப்பரப்பில் இவ்விதியை நடைமுறைப்படுத்த, வெள்ளம் எதுவரை வந்தது என்பதை அறிந்தோர் தேவை. அவ்வறிவு மேய்ப்போரிடமும் மீன்பிடிப்போரிடமும் உள்ளது.

ஊசுடு ஏரியின் நிலை இதனின் வேறானது. அதன் ஒரு பகுதியைப் புதுச்சேரி அரசு 2008இலும் மற்றொரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 2015இலும் காப்பிடமாக அறிவித்தன. கரையும் மதகும் உள்ள பாசன ஏரி அது. ஆதலால் நீர்மட்டம், படகு, மீன்பிடி, நடைவழி ஆகியவற்றைப் பற்றி எழும் பூசல்களில் பேசுதற்குரிய தரப்புகள் தெளிவாக உள்ளன. பூசல் இருப்பதுகூட ஒருவகையில் நலமே. கழுவெளியில் பூசலிடவும் தரப்பு இல்லை.

ஒப்பீட்டுக்குச் சிங்கப்பூரின் சுங்கை பூலோவைக் குறிப்பிடலாம். கைவிடப்பட்ட இறால் குளங்களாயிருந்த அவ்விடத்தில் வலசைப் பறவைகள் மிகுதியாகத் தங்குவதை 1986இல் பறவை நோக்குவோர் கண்டறிந்தனர். 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் காப்பிடத் தகுதி பெற்றது. இறால் வளர்ப்போர் நீரை ஏற்றவும் வடிக்கவும் பயன்படுத்திய மதகுமுறையையே அங்குள்ளோர் பறவைகளுக்கேற்ற நீர்மட்டம் பேணக் கையாண்டனர். பழைய தொழிலின் நுட்பம் இன்று நடைவழியில் நிற்கும் குடும்பங்களுக்குப் பறவைகளைக் காட்டுகிறது. உப்பளத் தொழிலாளர் பாத்திகளில் நீரளவைப் பேணும் நுண்ணறிவு மரக்கானத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் நிலையில், இவ்வொப்பீடு நமக்குப் பெரிதும் பயன்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

நீர்நிலைகளுக்குச் சென்று மகிழும் வழக்கம் இக்கடற்பகுதிக்குப் புதிதன்று. ஆற்றுப்படை, கானல் விளையாட்டு, மாசி மகம், ஆற்றுத் திருவிழா, கால்வாய்ச் செலவு என அது தொடர்ச்சியுடையது. புதியது அவ்வருகைக்கும் நிலத்தில் உழைப்போர்க்கும் இடையே ஏற்பட்டுள்ள பிரிவு.

ஏரிக்கரையில் உலாவும் வழி காவல் நடையால் உருவானது. கரையுள்ள நீரில் ஊர்ச் சமூகம் வருகையாளரின் ஒழுக்கத்தை வரையறுக்க வல்லதாயிருந்தது. வேடந்தாங்கல் அதற்குத் தலையாய சான்று. கரையில்லாக் கழுவெளியில் அத்தகைய சமூக அமைப்பு உருவாகாமையால் அது புறம்போக்காகவும் வேட்டைக்களமாகவும் இருந்து, பின்னர் அரசின் காப்பிடமாயிற்று. எனவே ஏரிகளுக்குப் பொருந்தும் சுற்றுலாத் திட்டத்தை அவ்வாறே கழுவெளிக்குப் பெயர்த்து வைப்பது வரலாற்றுக்கு ஒவ்வாதது. கழுவெளியில் முதலில் அமைக்கவேண்டியது நடைபாதை அன்று. நடைபாதையைப் பற்றிப் பேசவல்ல தரப்பு.

அதற்கான முதற்பணி ஆய்வாளருடையது. கழுவெளியின் பருவப் பயன்பாடுகள், நீர் ஏறி வடியும் எல்லைகள், மேய்ச்சல் தடங்கள், இருளர் வழங்கும் மீன் பெயர்களும் பறவைப் பெயர்களும், உப்பளத் தொழிற்சொற்கள் ஆகியவை வாய்மொழியாகவே உள்ளன. அவற்றைத் தொகுத்தால் மொழிக்கு ஆக்கமாகும். ஏடில்லாத உரிமைகளுக்கு ஏடும் ஆகும். பூநாரை காண வரும் குழந்தைக்கு அதன் பெயரைச் சொல்பவர் அந்நிலத்தில் வாழ்பவராக அமைந்தால், எயிற்பட்டினத்து நுளைமகள் பாணனை வரவேற்ற நெறி மீண்டும் நடைமுறைக்கு வரும். விழுப்புரம், புதுச்சேரி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இத்தொகுப்பைக் கூட்டாக மேற்கொள்ளலாம். காப்பிடத்தின் மேலாண்மைத் திட்டங்கள் வகுக்கப்படும் இக்காலத்திலேயே அது நிகழவேண்டும்.